கத்தரிக்காய் பார்க்க வந்தவள்

"இதென்ன தம்பி, கத்தரிக்காயா, இல்லாட்டிப் புழுவுக்குக் கட்டின வீடா?"

வதனி காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குவியலிலேயே எறிந்தாள். கை சும்மா இருக்கவில்லை, அடுத்ததை எடுத்தது. நாவற்குடா உழவர் சந்தையில் அந்த ஒரு கடையையே அவள் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தவர்களுக்கு, கத்தரிக்காய் வாங்க இவ்வளவு கூத்தா என்றுதான் தோன்றியிருக்கும்.

கத்தரிக்காய் யாருக்கு வேணும்! அவள் பார்க்க வந்தது காய் விற்ற மதுரனை. மகள் விதுர்ஷாவுக்குப் பேசி வந்த மாப்பிள்ளை. சாதகம் பொருந்திவிட்டது, பின்னேரத்துக்குள் தரகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தரகர் காட்டிய படத்தில் சிரிக்கிறவன் வீட்டுக்குள் வந்து எரிந்து விழுந்தால் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதானே குடியிருப்பான். அந்தக் கவலையில் வதனிக்கு இரவு நித்திரையே இல்லை.

"புழு இருந்தா மருந்து அடிக்கல்ல எண்டு அர்த்தம் அன்ரி," என்று சிரித்தான் மதுரன். "வெட்டிப் பாருங்க. சரியில்லாட்டி விட்டிட்டுப் போங்க."

அட, கோபம் வரவில்லையே! வதனி வெண்டிக்காயின் நுனிகளை முறித்துப் பார்த்தாள். அத்தனையும் பிஞ்சு. "எல்லாம் முத்தல்!" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

"அப்ப நானே நல்லதாப் பாத்துப் பொறுக்கித் தாறன்," என்று அவன் குனிந்தான்.

பக்கத்தில் ஒரு அம்மா வெறும் பையோடு நின்றா. வந்தவர்களிடமெல்லாம் என்ன வேணும் என்று கேட்ட மதுரன், அவவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"பெரிய கடையில குளிருக்க வச்சிருக்கிற மரக்கறிய எந்த ஊரில எவன் நட்டான் எண்டு ஆருக்குத் தெரியும் தங்கச்சி?" என்றா அந்த அம்மா. "இஞ்ச எண்டா நட்டவன்ட முகத்தப் பாத்துக் கேட்டு வாங்கலாம்."

"அதுக்குத்தானேக்கா நானும் வந்த!"

வதனிக்கு வாய் நிற்கவில்லை. மனதில் கிடந்து அரித்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அந்த அம்மாவைக் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள்.

"என்ட மகளுக்குப் பேசின பொடியன் அது. நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியாது. எவ்வளவு நொட்டை சொன்னாலும் பொறுக்கிறான். எனக்குப் புடிச்சிட்டு."

"மறுகா ஏன் முகம் வாடிக் கிடக்கு?"

"தாய்தான்க்கா பயம். தகப்பன் இல்லையாம். கலியாணம் கட்டியும் தாய்ட முந்தானையப் புடிச்சிக்கொண்டு திரிஞ்சானெண்டா?" வதனி குரலைத் தாழ்த்தினாள். "விடுவனா நான்? மூக்கணாங்கயிறு என்ட கையிலதானே. முதல்ல ஒள்ளுப்ப நாளைக்கு, ஒரு மாசம் ரெண்டு மாசம், ஒண்டும் சொல்ல மாட்டன். மறுகா சித்திரை வருசத்துக்கு ஒருக்காப் போய்த் தாயப் பாத்தாக் காணும். தோட்டத்துக் காயும் எங்கட வீட்டுக்குத்தான் வரணும். அந்த மனிசி தனிய இருந்து என்னத்தத் தின்னப் போகுது!"

சொல்லி முடித்ததும் வதனிக்குப் பாரம் இறங்கியது. பின்னேரம் வரை ஏன் காத்திருக்க வேணும், இப்போதே சம்மதம் என்று சொல்லிவிடலாமே என்று தரகருக்கு அழைக்க போனை எடுத்தாள்.

அந்த அம்மா கையிலிருந்த வெறும் பையைச் சுருட்டினா.

"என்னக்கா, பேச்சையே காணல்ல? நீங்களும் புள்ள பெத்தவதானே, நான் சொல்றது சரிதானே?"

"எனக்கு ஒரே மகன்."

"எங்க இருக்கிறார்?"

அந்த அம்மா கடைப் பக்கம் பார்த்தா.

"உங்களுக்கு வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டு நிக்கிறான்."