ஒன்றரை மணி நேர சர்வீஸ்

"ஒன்றரை மணி நேர வேலைக்கு ஒரு நாள் பூராப் படகைப் படுக்கப் போட்டுட்டான் பாரு. அவனைச் சொல்லி என்ன, வேலைக்கு வச்சிருக்கிற அந்தம்மாவைச் சொல்லணும்!"

டிக்கெட் வரிசையில் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். கூண்டுக்குள் இருந்த 'அந்தம்மா' காதில் அது தெளிவாக விழுந்தது.

முதலாளியம்மா தலை நிமிரவில்லை. டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தவள். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆற்றைக் கடக்க அவளிடம் இருப்பதே இரண்டு படகுகள். பெரியது இஞ்சின் சர்வீஸுக்காக நின்றிருந்தது. சின்னது பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு முக்கி முனகிப் போய் வந்தது. வரிசை கேட்டைத் தாண்டி நீண்டிருந்தது.

கட்டிப் போட்டிருந்த பெரிய படகின் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் ஓயவில்லை.

டொக்... டொக்... கொஞ்சம் விட்டு, மறுபடி டொக்... டொக்...

"தட்டுறான், தட்டுறான், தட்டிக்கிட்டே இருக்கான்," என்றார் வரிசையில் ஒரு பெரியவர். "இஞ்சினைச் சரி பண்றானா, இல்ல புதுசா ஒண்ணு செய்யறானா?"

வரிசை சிரித்தது. அந்த மெக்கானிக்குக்குப் படகுத்துறையில் 'இழுவை' என்று பெயர். சும்மா வரவில்லை.

மணி மூன்று. முதலாளியம்மா சர்வீஸ் நோட்டைப் பிரித்தாள். இஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரைக் காலையில் அவளே பார்த்துக் குறித்திருந்தாள். இருநூற்றைம்பது மணி நேரம் ஓடினால்தான் ஆயில் மாற்ற வேண்டும். போன சர்வீஸுக்குப் பிறகு ஓடியது நூற்று எண்பத்திரண்டு. அதற்கு முந்தைய தடவை நூற்று எழுபது. அதற்கும் முன்னால் இருநூறைத் தொடவில்லை. எல்லாமே காலம் வருவதற்கு முன்பே செய்த சர்வீஸ்.

போன வாரம் பெரிய படகு துறைத் தூணில் போய் இடித்தது. "கண்ணை எங்கப்பா வச்சிருந்தே? இன்னொரு தடவை இப்படி நடந்தா உனக்கு வேலை இல்ல," என்று படகோட்டியைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் வாய் திறப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார். "சுக்கான் இறுகிப்போச்சும்மா. ஒரு நாள் நிறுத்திப் பார்த்துடலாம்."

இன்று காலை, சர்வீஸ் தொடங்குவதற்கு முன்பே அவள் சுக்கானைத் திருப்பிப் பார்த்தாள். ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

அடுத்த துறையில் இருக்கும் வேறொரு மெக்கானிக்கின் போன் நம்பர் கைப்பையில் தயாராக இருந்தது.

"பத்து நிமிஷம்," என்று வரிசையிடம் சொல்லிவிட்டுக் கூண்டைச் சாத்தினாள்.

"இன்னைக்கு இழுவைக்கு இருக்கு கச்சேரி!" என்றார் பெரியவர்.

படகின் இரும்பு ஏணியில் பார்த்துப் பார்த்து இறங்கினாள். டீசல் வாடை. இஞ்சின் மேல் மூடி எப்போதோ பூட்டப்பட்டிருந்தது. வடித்த பழைய ஆயில் ஒரு டப்பாவில். பழைய பெல்ட்டும், தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய தேய்ந்த ரப்பர் சக்கரமும் ஒரு துணியில். துடைத்த சாமான்கள் பெட்டியில்.

மெக்கானிக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, அரைக்கண் மூடி, ஸ்பேனரால் ஒரு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை எப்ப முடிஞ்சுது?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "பத்தரைக்கும்மா."

"பத்தரைக்கு முடிஞ்ச வேலைக்கு, மூணு மணி வரைக்கும் யாருக்கு மேளம் தட்டுறீங்க? இன்னையோட நீங்க..."

"மெதுவாம்மா."

கண்ணால் இஞ்சினுக்குப் பின்பக்கம் காட்டினார்.

லைஃப் ஜாக்கெட் குவியல் மேல் படகோட்டி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது. உட்கார்ந்தவன் சாய்ந்திருக்க வேண்டும்.

"தூங்கணும்னா லீவு போட்டு வீட்டுல தூங்க வேண்டியதுதானே?"

"வீட்டுலதான் முடியலையே. அவங்கம்மா படுத்த படுக்கை. ராத்திரி மணிக்கொரு தடவை எழுந்து புரட்டிப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். ரெண்டு மாசமா இவன் ஒருத்தன்தான். டூட்டி நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டக்கா வந்து பார்த்துக்கிறாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? தூக்கம் கெட்டவன் கையில சுக்கானைக் கொடுப்பீங்களாம்மா?"

கொடுத்திருக்க மாட்டாள். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பாள்.

"அவனும் சொன்னான், 'வேணாம் மாமா, உன் பேரு கெடுது'ன்னு. என் பேரே இழுவை. இதுக்கு மேல அதுல கெடறதுக்கு என்ன இருக்கு?"

அவர் சிரிக்கப் பார்த்தார். கண்கள் தூக்கத்துக்குச் சிவந்திருந்தன.

"அப்ப இந்தத் தட்டல் எதுக்கு?"

"மேல நிக்கிறவங்களுக்கு வேலை நடக்கிற மாதிரி கேக்கணும் இல்லையா? இவனுக்கும் சத்தம் வேணும்மா. பதினஞ்சு வருஷமா இஞ்சின் சத்தத்துலயே இருக்கிறவன். நின்னா முழிச்சுக்குவான்."

சொன்ன மாதிரியே படகோட்டி புரண்டான். பேச்சில் ஸ்பேனர் சும்மா இருந்துவிட்டது. அவன் இமைகள் அசைந்தன. கை எதையோ பிடிக்கப் போவது போல நீண்டது.

மேலே துறையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "என்னம்மா, முடிஞ்சுதா, இல்லையா?"

முதலாளியம்மா சர்வீஸ் நோட்டைக் கீழே வைத்தாள். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வாளியில் உட்கார்ந்தாள். குழாயில் தட்டத் தொடங்கினாள்.

டொக்... டொக்...