விபத்தே இல்லாத இடம்

"நடுரோட்டுல பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினதும் இல்லாம, என் முன்னாடியே வந்து நிக்கிறியா? என்ன நெஞ்சழுத்தம்யா உனக்கு!"

சாலைத் திட்ட என்ஜினியர் எகிறினார். காலையில் அந்த பஸ்ஸுக்குப் பின்னால்தான் அவர் கார் மாட்டிக்கொண்டது. ஹாரன் அடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். சும்மா விடுவாரா? டிப்போவுக்கு ஒரு போன். மத்தியானத்துக்குள் டிரைவரை வேறு ரூட்டுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள்.

"மறுபடி அதே ரூட் வேணும்னு கெஞ்ச வந்தியா? அந்தக் கதையே வேண்டாம்."

"அதுக்கு வரலை சார்" என்றார் டிரைவர். "எந்த ரூட்டா இருந்தா எனக்கென்ன? அந்த ரூட்டுல இருக்கற ஸ்கூல் வாசல்ல ஒரு நடைமேம்பாலம் போட்டுக் குடுங்க. பிள்ளைங்க ரோட்டைத் தாண்டணும்."

என்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்க பாலம் என்ன மிட்டாயா? ஒவ்வொரு இடத்துக்கும் மார்க் போடுறோம்யா. அதிக மார்க் வாங்குற இடத்துக்குத்தான் முதல்ல பாலம்."

உதவியாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "ஸ்கூல் வாசல்... பூஜ்யம் சார்."

"கேட்டுக்கிட்டியா? விபத்து நடந்தாத்தான் மார்க். இத்தனை வருஷத்துல அங்க ஒரு குழந்தைக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஊர்லயே பத்திரமான இடம் அது. அங்க போய் பாலம் கேக்கறியே, நியாயமா?"

"அந்தச் சிராய்ப்பு ஆகக் கூடாதுன்னுதானே சார் இத்தனை வருஷமா பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினேன்? ஸ்கூல் தொறக்கறப்பவும் விடறப்பவும் என் டிரிப்தான் வரும். எல்லா வண்டியையும் மறிச்சு, கடைசிப் பிள்ளை தாண்டினப்புறம்தான் எடுப்பேன். வாங்காத திட்டு இல்லை."

என்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சே, என்ன காரியம் செய்துவிட்டோம்!

"இப்ப... இப்ப அந்த பஸ்ஸை யாரு ஓட்டறாங்க?"

"புது ஆள் சார். சொல்லிட்டுத்தான் வந்தேன். எனக்கு நடந்ததைப் பார்த்துட்டு, 'நமக்கெதுக்கு வம்பு, நான் நிறுத்த மாட்டேன்'னுட்டாரு. ஸ்கூல் விடற நேரம்தான் சார் இது."

என்ஜினியர் டிப்போவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அடப்பாவிகளா, எடுங்களேன்!

அவர் முகம் வெளிறிப் போனதைப் பார்த்த உதவியாளர், ஆறுதலாகச் சொன்னார்:

"பாலம் குடுக்க முடியலையேன்னு கவலைப்படாதீங்க சார். இனிமே மார்க் தானா ஏறிடும்."