சாளைக் களவாணி

செருப்பு பறந்து போய் ஐஸ் பெட்டியில் மோதி விழுந்தது. பூனை அதற்குள் சாளை மீனோடு சுவர் ஏறிவிட்டது.

“களவாணிச் சிறுக்கி, நாளைக்கு வா, கால ஒடிக்கேன்” என்று கத்தினாள் ஹில்டா. தூத்துக்குடி மார்க்கெட்டில் இருபது வருடமாக மீன் விற்கிறவள். குரல் துறைமுகம் வரைக்கும் கேட்கும்.

இந்துமதி நோட்டில் குறித்துக்கொண்டாள்: காலை 10.20. திருட்டு வெற்றி. செருப்பு ஒன்று.

ஸ்ரீவைகுண்டத்துப் பெண். விலங்குகளின் நடத்தை பற்றி பிஎச்.டி. செய்கிறாள். இரண்டு மாதமாக மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு இந்த ஒற்றைக்கண் பூனையின் பின்னால்தான் அலைகிறாள்.

வரிசையில் பதினோரு பேர் மீன் விற்கிறார்கள். பூனை ஹில்டாவிடம் மட்டும்தான் திருடும். அதுவும் அவள் முதுகைத் திருப்புகிற அந்த ஒரு நிமிஷத்தில்.

‘மனிதக் கவனத்தைக் கணிக்கும் பூனை’ என்று இந்துமதி தலைப்பே வைத்துவிட்டாள். அவளுடைய பேராசிரியர் சிவப்பிரகாஷ் பூரித்துப்போய், டெல்லி கருத்தரங்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்.

செருப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, வாயில்லா ஜீவன். ஒரு சாளைக்காக செருப்பால அடிக்கலாமா?”

“களவாங்குனா மால போட்டா கூப்பிடுவாக?”

“நீங்க விரட்டுறதாலதான் அது திருடுது. மூணு நாளு மீனை மூடி வைங்க. நான் அன்பாக் குடுத்துப் பாக்கேன். இது சைக்காலஜி.”

பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு அண்ணாச்சி சிரித்தார். “கருவாட்டுல கூட ஈரம் பாத்திரலாம்மா. இவ மனசுல பாக்க முடியாது.”

ஹில்டா அவரை முறைத்தாள். “சரிளா, ஒன் சைக்காலஜியவும் பாத்துருவோம். மாதா மேல ஆணையா மூணு நாளு நான் வாயத் தொறக்கல” என்று கூடையை ஈரச் சாக்கால் மூடினாள்.

முதல் நாள் இந்துமதி ஒரு சாளையைத் தட்டில் வைத்து, “வாம்மா செல்லம்” என்றாள். பூனை தட்டைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. எழுந்து போய்விட்டது.

இரண்டாம் நாள் நெத்திலி, முள்ளெடுத்த சீலா, ஆறவைத்த பால். தொடவில்லை.

மூன்றாம் நாள் இந்துமதி மார்க்கெட் தரையில் முட்டிபோட்டு, தட்டில் வாயை வைத்துத் தின்பதுபோல் நடித்து, “மியாவ்” என்றாள். மீன் வாங்க வந்தவர்கள் வாங்குவதை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பூனை மட்டும் வரவில்லை.

நான்காம் நாள் அது ஐஸ் பெட்டிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். இந்துமதிக்கு அழுகை முட்டியது.

“அக்கா, செத்துருமோ?”

ஹில்டா சாக்கை விலக்கி, கொழுத்த சாளையாக ஒன்றைப் பொறுக்கி, பலகையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, “இந்த வெயில்ல மனுசன் யாவாரம் பாக்க முடியுதா” என்று சுவரிடம் சத்தமாகப் பேசினாள்.

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பாய்ச்சல். சாளையைக் காணோம்.

ஹில்டா சட்டென்று திரும்பினாள். செருப்பு பறந்தது, பூனைக்கு மூன்று முழம் தள்ளி.

இந்துமதி நோட்டை மூடினாள். “தெரிஞ்சேதான் திரும்புறீங்களா? தினமுமா?”

ஹில்டா குரலைத் தாழ்த்தினாள். அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே இந்துமதிக்கு அன்றுதான் தெரிந்தது.

“வீட்டுல வளந்த பூனைளா. சோத்தக் காட்டிக் கூப்பிட்டு, சாக்குல போட்டுக் கட்டி, இங்கன கொண்டாந்து வீசிட்டுப் போயிட்டாக. நான்தான் சாக்க அவுத்து விட்டேன். அன்னையிலருந்து யாரு குடுத்தாலும் தொடமாட்டேங்கு. களவாண்டாத்தான் திங்கும்.”

“அப்ப இந்தச் செருப்பு, ஏச்சு எல்லாம் எதுக்குக்கா?”

ஹில்டா சுவரில் உட்கார்ந்திருந்த பூனையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“மெல்லப் பேசுளா. ஏசலேன்னா, நான்தான் குடுக்கேன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்லா.”