காற்றில்லாத பிற்பகல்

வராந்தா மேசையில் தேயிலை டப்பாமீது சாய்த்துவைத்த கைபேசித் திரைக்குள், பிரிஸ்பேனிலிருந்து பிசியோதெரபிஸ்ட் மார்னி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தகரக் கூரை வெயிலில் முனகுகிறது. செம்மண் வெளியில் ஆடுகள் கனவில் நிற்பதுபோல் நிற்கின்றன. முடக்குவாதம் இறுக்கிய வலக்கையை ஹாமிஷ் மெல்ல உயர்த்துகிறான். தலைக்குமேல், மனைவி கட்டித் தொங்கவிட்ட சிப்பிச்சரம். அவள் இறந்தபின் காற்று மட்டுமே அதைத் தொட்டிருக்கிறது. அதை எட்டத்தான் குளிர்காலம் முழுக்க இந்தப் பயிற்சி. “கை எங்க போச்சு? முழங்கைதான் தெரியுது,” என்கிறாள் மார்னி. “மேல ஊர் சுத்துது.” “வலிச்சா இறக்கிடு, வீராப்பெல்லாம் வேண்டாம்.” அவன் இறக்கவில்லை. விரல்கள் வெளிச்சத்துக்குள் நீந்திப் போகின்றன. சிப்பிகள் கிணுகிணுக்கின்றன. மார்னி காதைத் திரையருகே கொண்டுவருகிறாள். “என்ன, அங்க காத்தடிக்குதா?” ஹாமிஷ் வெளியே பார்க்கிறான். “இல்ல. இங்க ஒரு புல்கூட ஆடல.”