முதல் வாய்

ரட்டடூய் என்னும் பிரெஞ்சுக் காய்க்கூட்டு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. கத்தரி, சுக்கினி, தக்காளி எல்லாம் கஜேந்திரனின் பூண்டுலோயாத் தோட்டத்தில் விளைந்தவை. ருசி பிடித்துவிட்டால், கண்டி ஹோட்டலுக்கு இனி வருடம் முழுவதும் அவன்தான் காய் கொடுப்பான்.

"தேங்காய்ப்பால் ஊத்திறாதடி!" என்றான் மனைவியிடம்.

"பேசாம இருங்க. போன்ல பாத்துத்தானே செய்றேன்," என்றாள் ஜெயந்தினி.

ருசி பார்க்க வீட்டுக்கு வந்திருந்த, ஹோட்டலுக்குக் காய் வாங்கும் இம்தியாஸ் மூடியைத் திறந்து பார்த்தார். "காய் பளபளன்னு இருக்கே! ஒரு பூச்சிக்கடி இல்ல."

"நம்ம காய் அப்படித்தான் நானா." நானா என்று அண்ணன் முறை வைத்துச் சொன்ன கஜேந்திரனுக்கு அந்த மலைக்குளிரிலும் வியர்த்தது.

தட்டில் போட்டதும் இம்தியாஸ் அதை ஜெயந்தினி பக்கம் தள்ளினார். "எங்க போனாலும், விளைவிச்சவங்க சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன் தங்கச்சி."

"அதுக்கென்ன நானா!" அவள் சிரித்தபடி ஒரு கரண்டி எடுத்து, ஊதி, இடுப்பிலிருந்த மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

கஜேந்திரன் பாய்ந்து கரண்டியைத் தட்டிவிட்டான்.

"என்னங்க, பைத்தியமா ஒங்களுக்கு?"

"நம்ம சாப்பாட்டுக்குப் போட்ட பாத்தியில பறிச்சதில்லடி," என்றான், இம்தியாஸைப் பார்க்காமல். "விக்கிற பாத்தியில பறிச்சது. நேத்துத்தான் மருந்தடிச்சேன்."