புதுமணக் கழுத்துவலி

கல்யாணமான ஒரே மாதத்தில் ஷாலினுக்கும் பென்சனுக்கும் சேர்ந்தாற்போல் கழுத்துவலி வந்துவிட்டது. இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ்.

"என்கூட கைரோபிராக்டர்கிட்ட வா. ரெண்டு சொடக்குதான், பஞ்சு மாதிரி ஆயிடும்," என்றான் பென்சன்.

"அப்போ நீங்க ஏன் இன்னும் கழுத்தைத் திருப்ப முடியாம உடம்போட திரும்புறீங்க?"

"ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துது. உன் எலும்பு டாக்டர் மாத்திரை மட்டும் இன்னாத்த கிழிச்சுது?"

"அவரு எக்ஸ்ரே பார்த்துட்டு குடுத்தாரு. எடுத்தவுடனே கழுத்தைத் திருகல."

ஆனால் "கழுத்தை எப்படி வெச்சுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது ஷாலின் வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் பென்சன் அவள் தோளில் சாய்ந்து தூங்குவான். அவன் விழித்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் அவள் கழுத்தை அசைக்கவே மாட்டாள். சொன்னால் டாக்டர் கூடாது என்பார். அந்த அரைமணி நேரத்தை இழக்க அவளுக்கு மனமில்லை.

ஒருநாள் வலி தாங்காமல் பென்சனிடமே சொல்லிவிட்டாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்; உடனே "ஆ!" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு தூங்கினா? உனக்கு பாரமா இருக்கக் கூடாதுன்னு தலையை அந்தரத்துல புடிச்சிக்கினு வரேன்!"

"தூங்காம எதுக்குச் சாயணும்?"

"பஸ்ல சும்மா சாய்ஞ்சா நீ இன்னா நெனைப்பியோன்னுதான் தூங்குற மாதிரி..."

மறுநாள் இருவரும் பாரம் பார்க்காமல் சாய்ந்துகொண்டு நிஜமாகவே தூங்கிப்போனார்கள். டிரைவர் எழுப்பியபோது, இறங்கவேண்டிய தண்டலம் தாண்டி பஸ் ஷெட்டுக்கே வந்திருந்தது. கழுத்து இருவருக்கும் வலிக்கத்தான் செய்தது. டாக்டர் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.