ஒரே பக்கம் மாட்டிய கொக்கிகள்

ஷெட்டுக்குள் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முன்சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டுகளின்மேல் நிற்கிறது. திரும்ப மாட்டவேண்டிய ஸ்பிரிங்கைத் தம்பி தரையில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறான். அதைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கொக்கித் திருகுகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கவேண்டும். மாமா, அக்காவின் கணவர், கேட்டைத் திறந்து வருவதைப் பார்த்த ஆத்திரத்தில் இரண்டையும் ஒரே பக்கம் மாட்டிவிட்டான். ஸ்பேனர் திரும்பும்போதெல்லாம் இரும்பு பல்லைக் கடிக்கிறது. வாசற்படியில் அக்கா நிற்கிறாள். வலது கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன நீலம், சாயங்கால வெயிலில் கிரீஸ் பூசியதுபோல மினுங்குகிறது. “மாப்ள, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அவள கிளம்பச் சொல்லு,” என்று மாமா சென்ட் மணக்க ஸ்பிரிங்குக்கு மேலேயே குனிகிறார். ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைவதைத் தம்பி பார்த்துவிடுகிறான். தள்ளி நில்லுங்க என்று சொல்லவேண்டும். கை இன்னும் ஒரு சுற்றுத் திருகுகிறது. கொக்கி நழுவுகிறது. ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பி, மாமாவின் காதை உரசிக்கொண்டு பறந்து, தகரக் கூரையில் மோதி, காரின் முன்கண்ணாடியில் விழுந்து அதை நொறுக்குகிறது. தம்பியின் கட்டைவிரல் நகம் பிய்ந்து, ரத்தம் ஸ்பேனரில் வழிகிறது. மாமா சுவரோரம் சுருண்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு நடுங்குகிறார். அக்கா படியிறங்கி வருகிறாள். செருப்பின் கீழ் கண்ணாடித் தூள் நறநறக்கிறது. அவரையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். “அப்படி இல்ல,” என்கிறாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. “முழங்கைய இன்னும் ஒட்டி வைக்கணும். இல்லேன்னா அடி கண்ணுல பட்டுடும்.”